கோயில் வளைவை வெட்டச் சொன்ன நாள்

கல் குவாரி டிப்பர்கள் ஓடி ஓடி எங்கள் தோட்டத்து ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. திருத்த வந்த கொந்தராத்துக்காரர்கள் பழைய தாரின் மேல் கறுப்பு வலையை விரித்து, அதன் மேல் சூடான தார்க்கலவையைப் போட்டார்கள். உள்ளே வலை இருந்தால்தான் எவ்வளவு பாரம் ஏறினாலும் ரோடு அமுங்காதாம். தேயிலைக் கொழுந்து குறைந்த மாதம் என்பதால் நானும் அங்கே வேலைக்குப் போனேன். ரோட்டைக் கூட்டுவதும் வலையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிப்பதும் என் வேலை.

ஒருநாள் நான்கு சுருள் வலையைக் காணவில்லை என்றார்கள். ரோட்டு வேலை சூப்பர்வைசர் நேரே நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். என் வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கட்டியிருந்த வலைத் துண்டைக் கண்டதும் அவருக்குக் கொண்டாட்டம்.

"இந்தா இருக்கே! கள்ளி! நாளைக்குப் போலீஸ்ல சொல்லு."

லயமே பார்த்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் வெட்டி எறிந்த கழிவுத் துண்டு அது. எல்லோரும்தான் எடுத்தோம். ஒரு சுருளைத் தூக்கவே இரண்டு ஆண்கள் வேண்டும். நான்கையும் நான் என்ன, மடியில் கட்டிக்கொண்டா வந்தேன்? அப்போதுதான் கோயில் வளைவு நினைவுக்கு வந்தது.

கோயிலடியில் ரோடு திரும்பும் அந்த வளைவில் வலை விரிக்கவே இல்லை; அங்கே போட வேண்டிய சுருள்கள்தான் காணாமல் போயிருக்க வேண்டும். நான் சுருளைப் பிரிக்கக் குனிந்தபோது, "இங்க வேணாம்" என்று தார் போடும் மெஷினை விடச் சொன்னவர் இதே மனிதர்தான். பெரிய ஆட்கள் விஷயம் நமக்கெதற்கு என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை.

மறுநாள் காலை ரோட்டு வேலையைப் பார்க்க என்ஜினியர் வந்ததும் அந்த வளைவின் நடுவில் போய் நின்றேன். பின்னால் டிப்பர் ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும்.

"இந்த எடத்த வெட்டிப் பாருங்க மாத்தயா. உள்ள வலை இருந்தா நானே போலீசுக்குப் போறேன்."

"இவளுக்குப் பிஸ்ஸு" என்றார் சூப்பர்வைசர்.

"பைத்தியம் சொல்றதுக்கு நீங்க ஏன் சார் பயப்படுறீங்க?"

என்ஜினியர் வெட்டச் சொன்னார். மேலே புதுத் தார், கீழே பழைய தார். நடுவில் ஒரு நூல்கூட இல்லை. என்ஜினியர் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, சரி, நீ வேலைக்கு வா" என்றார் சூப்பர்வைசர் என்னிடம். நான் அசையவில்லை.

"லயத்துக்கு வாங்க சார். கள்ளின்னு சொன்ன எடத்துல நின்னு, நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

என்ஜினியரும் கூடவே வந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. சனமெல்லாம் வெளியே வந்து நின்றது. அவர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்," என்றேன். "சத்தமா சொல்லுங்க."