கொத்தளமும் அச்சேறாத வரியும்

அருப்புக்கோட்டை ஏஜென்ட் போன் செய்தால், பேப்பர் கட்டு வரவில்லை என்ற புகாராகத்தான் இருக்கும். சென்ற மாதம் ஒரு காலையில் அவர் குரல் தணிந்திருந்தது. "சார், நம்ம ஜெபராஜ் சார் தவறிட்டாக. நெஞ்சுவலின்னாக. சாயங்காலம் சொந்த ஊர்ல அடக்கம்." பழக்கத்தில் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் நாளிதழின் செய்தி மேசையில் அவரோடு இருந்தவர்களுக்கு அவர் திருத்தும் சிவப்பு மை தெரியும். யாராவது 'மர்ம நபர்கள்' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். "யாருன்னு தெரியலையா, எழுதப் பயமா? ரெண்டுல ஒன்னச் சொல்லுங்கய்யா" என்பார். விவசாயப் பக்கமும் அவர் பொறுப்புதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கல் விடுமுறை. அவரும் நானும் புகைப்படக்காரர் முருகேசனும் மூன்று சைக்கிள்களில், பாளையக்காரர்களின் மண்கோட்டைகளைப் பார்க்கக் கிளம்பினோம். திருச்சுழிப் பக்கம் தூர்ந்த அகழிகளைப் பார்த்தோம். பார்த்த நேரத்தைவிட, கருவேல முள் குத்திய டியூப்புகளுக்கு ஒட்டுப்போட்ட நேரம் அதிகம். ஜெபராஜ் வழியெல்லாம் பரளச்சிக்கு அருகிலிருந்த தன் ஊரைப் பற்றியே பேசினார். அங்கே கோட்டையின் காவல் மூலையான கொத்தளம் மட்டும் நிற்கிறதாம். "கும்பினிக்காரன் பீரங்கிக்கே சாயலய்யா. வந்து பாருங்க."

போனோம். கொத்தளம் இல்லை. வெட்டிய பள்ளம் இருந்தது. பக்கத்துக் காட்டில் பருத்தி இடுப்புயரம் நின்றது. அவருடைய அண்ணன் தங்கையா சிரித்தபடி வந்தார்.

"பாத்தியாலே பருத்திய! எல்லாம் கோட்டை மண்ணு. கோடையில டிராக்டர் டிராக்டரா அடிச்சேன்."

"யாருண்ணே இதச் செய்யச் சொன்னா?"

"ஏலே, நீதான! பழைய மேட்டு மண்ணு பயிருக்கு எருன்னு உன் விவசாயப் பக்கத்துல போட்டிருந்தியே. தம்பி போட்டாச் சரியாத்தான் இருக்கும்னு செஞ்சேன்."

"கும்பினி தோத்த இடத்துல உங்க அண்ணன் ஜெயிச்சிட்டாரு சார்" என்றார் முருகேசன். தங்கையா மட்டும் சிரித்தார். எங்களுக்காகக் கோழி அடித்திருந்தார்கள். ஜெபராஜ் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. நரிக்குடிக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தவர், "இடம் நிரப்பப் போட்ட துணுக்குய்யா அது" என்றார்.

ஞாயிறு இதழுக்குப் பயணக் கட்டுரை கேட்டார்கள். "மர்ம நபர்கள் அள்ளிட்டாங்கன்னு போட்ருங்க சார், அண்ணனுக்கும் பாதகமில்ல" என்றார் முருகேசன். ஜெபராஜ் கேட்கவில்லை. இடித்தவர் தன் அண்ணன் என்று ஒரு வரி எழுதினார். இடிக்கத் தூண்டியது யார் என்று அடுத்த வரி. அச்சில் முதல் வரி மட்டும் வந்தது. பேப்பர் பேரை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று மேலே முடிவாகியிருந்தது. மேசையில் எல்லோரும் மூலத்தைப் படித்திருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தங்கையா, தம்பி எழுதியதை ஒன்றுவிடாமல் வாசிப்பவர். கட்டுரையைப் பார்த்து அதிகாரிகள் வந்து அவரை ஊர் நடுவில் நிற்கவைத்து விசாரித்தார்கள். விளக்கம் சொல்லப் போன தம்பியை அவர் வாசலிலேயே நிறுத்தினார். "ஊரறியக் காட்டிக்குடுத்துட்டு, வீட்டுக்குள்ள வந்து ரகசியம் பேசுறியா?" அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெபராஜ் அந்த வாசல்வரை போய்த் திரும்பினார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அச்சுல வந்தாத்தான்யா அண்ணன் நம்பும். வாயால சொன்னா அது சாக்கு." திருத்தம் போடச் சொல்லி நாங்கள் யாராவது கேட்போம் என்று எதிர்பார்த்துச் சொன்னாரோ என்னவோ. நாங்கள் கேட்கவில்லை.

அடக்கத்தன்று எல்லோரும் குழியில் மண்ணைப் போட்டு நகர்ந்தார்கள். தங்கையா கைப்பிடி மண்ணைப் போடாமல் நெடுநேரம் நின்றார். அருகே போய்ப் பேச வாயெடுத்தேன். "நீங்க பேப்பர்காரக தான?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லக் கூசியது.

ஜெபராஜுக்காக நாங்கள் போடும் இந்த நினைவு மலரின் ஒரு பிரதியைத் தங்கையா வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். ஜெபராஜிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த விடுபட்ட வரிதான். அவர் எழுதியபடியே, அச்சில்: "கொத்தளத்தை இடிக்க அண்ணனைத் தூண்டியது இந்தப் பத்திரிகையின் விவசாயப் பக்கம், அதைத் தயாரித்தவன் நான்."