குலசிங்கத்தார் வீட்டுச் சனத்தொகை

திரியாய்க்கு அப்பால் பனிச்சங்குடா என்றொரு ஊர் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்ததே பஸ்ஸால்தான். காலையில் ஒன்று திருகோணமலைக்குப் போகும், பின்னேரம் அதுவே திரும்பி வரும். மழை பெய்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விடும். அதையும் பஸ் வந்ததாகவே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அந்த பஸ்ஸை வளர்த்த பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர் ஊர்ச்சங்கத் தலைவர் குலசிங்கத்தார். கடல் தொழிலை விட்ட பிறகு அவருக்கு அதுதான் தொழில். பஸ் பிந்தினால் டிப்போக் கந்தோருக்குக் கோல் எடுத்து ஏசுவார். காரணம் இருந்தது. மனைவி வள்ளிநாயகிக்கு இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறது. எங்கள் ரோட்டுக் குழி கிடங்குகளில் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ விழுந்தெழும்பினால் அவருக்கு உயிர் போய் வரும். டவுன் கிளினிக்குக்குப் போக பஸ்ஸை விட்டால் வழியில்லை.

இந்த வருடம் பஸ் கந்தோர் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தது. பனிச்சங்குடாவில் ஆட்களே இல்லையாம், ஆகவே பஸ்ஸும் தேவையில்லையாம். குலசிங்கத்தார் கொதித்துப்போய், ஊரை மறுபடி எண்ண வைத்தார். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கமும் செய்தார்.

"இருக்கிற ஆக்களை ஒளிக்காதேங்கோ. ஒருத்தரையும் விடாமச் சொல்லுங்கோ."

அப்படிச் சொல்ல வேண்டித்தான் இருந்தது. படலையைத் திறந்து வந்து "வீட்டில எத்தனை பேர்" என்று யாராவது கேட்டால், இளம் பெடியன்களை விட்டுவிட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். யுத்த காலத்தில் பழகியது. யுத்தம் முடிந்த செய்தி எங்கள் காதுக்கு வந்துவிட்டது, வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

எண்ண வந்தவள் அன்புவழிபுரத்துப் பிள்ளை தயாளினி. மரியாதைக்காகக் குலசிங்கத்தார் வீட்டில் தொடங்கினாள். தலைவர் பேசுவதைக் கேட்க ஊரே முற்றத்தில் கூடி நின்றது.

"ஐயா, வீட்டில எத்தனை பேர் இருக்கிறீங்கள்?"

குலசிங்கத்தார் வாயைத் திறந்தார், மூடினார். குசினிக்குள் மகன் இராகுலன் தேத்தண்ணி ஆற்றும் சத்தம் முற்றம் வரை கேட்டது.

"ரெண்டு பேர், பிள்ளை. நானும் மனுசியும்."

"உள்ளுக்கு ஆரோ நிக்கினம் போல?"

"அது பூனை."

தேத்தண்ணி ஆற்றும் பூனையைப் பற்றி ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னொரு காலம் இதே கேள்விக்கு அவர் உண்மையைச் சொன்னவர். தம்பி தங்கத்துரையையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கிழமையே வந்து தம்பியைக் கொண்டுபோனார்கள். அவன் இன்னும் வரவில்லை. பாவம் மனுசன்.

ஆனால் தலைவர் வழிகாட்டிய பிறகு ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வீட்டு ஜெயரூபி, பெடியன்கள் மூவரும் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்க, "நான் தனிய" என்றாள். அதற்குப் பிறகு ஊர் மளமளவென்று சுருங்கியது. பழைய கணக்கைவிடவும் குறைந்துபோனோம். அந்தக் குறைந்த சனமெல்லாம் ரோட்டை அடைத்து நின்று தயாளினியைக் கை காட்டி வழியனுப்பியது.

பஸ் நின்றுபோனது. யாரைக் குறை சொல்வது?

கிளினிக் நாளன்று இராகுலன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். தாயைப் பின்னால் ஏற்றி, விழாதபடி தன்னோடு சேர்த்துச் சேலையால் கட்டச் சொன்னான். கட்டியவர் குலசிங்கத்தார். ஏறும்போதே வள்ளிநாயகிக்கு வலியில் கண் கலங்கிவிட்டது.

"மெல்ல ஓடு மகன். கிடங்கு பாத்து ஓடு. அம்மாவுக்கு நோகும்."

வள்ளிநாயகி திரும்பிப் பார்த்தார்.

"ஆரோட கதைக்கிறீங்கள்? இந்த வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தானே."

குலசிங்கத்தார் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.