தனியாகச் சாப்பிடப் போன மதியம்

கணவர் இறந்த பிறகு நான் சமைப்பதை விட்டுவிட்டேன். முடிவெடுத்து நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்துப் பழகிய கைக்கு, ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்பது பிடிபடவில்லை. மீந்ததைக் கொட்டிக் கொட்டி அலுத்துப்போய், ஒரு கிளாஸ் மைலோவும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டினேன். அதையும் அடுப்படியில் நின்றபடியேதான். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தினமும் போனில், "பசியாறிட்டீங்களாம்மா?" என்பான். "ஆச்சுய்யா" என்பேன்.

ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்க்கக் குளுவாங் டவுனில் உள்ள கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டர் என் எடையைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. வெளியே வந்து சும்மா நடந்தேன். முனையிலிருந்த பாய் கடையிலிருந்து மீன் கறி வாசனை வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு உண்மையாகவே பசித்தது.

அன்றுவரை நான் சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர், "எத்தன பேரும்மா?" என்றார்.

"இன்னொருத்தர் வராரு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நான்கு பேர் உட்காரும் மேசையைத் துடைத்துக் கொடுத்து, எதிர்ப்பக்கமும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கிளாஸைப் பார்க்க முடியாமல், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கடை நிரம்பிவிட்டது. என் வயதிருக்கும் ஒரு பெண் தட்டோடு இடம் தேடி நின்றார். என் மேசைப் பக்கம் வந்தவரைக் கடைக்காரர், "அங்க ஆள் வராங்க" என்று நிறுத்தினார்.

"இல்லங்க, யாரும் வரல. நான் மட்டும்தான். நீங்க உக்காருங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடேறியது. கடைக்காரரோ, "சரிம்மா. இன்னும் கொஞ்சம் கறி ஊத்தவா?" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண், "இங்க மீன் கறி நல்லா இருக்கும்க்கா. இன்னிக்கு உப்பு கூடிப்போச்சு லா" என்றார். சாப்பிட்டு முடித்து, "வரேங்க்கா" என்று எழுந்து போனார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

அவர் போன பிறகும் நான் எழவில்லை. தேத்தண்ணீர் வாங்கி மெதுவாகக் குடித்தேன். வீட்டில் இருப்பதுபோலவே அங்கும் தனியாகத்தான் இருந்தேன். ஆனாலும் நெஞ்சை அழுத்தவில்லை. தனிமையைவிட, அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்ததுதான் என்னை அதிகம் களைக்கவைத்ததோ என்று அப்போது தோன்றியது.

இப்போது புதன்கிழமைகளில் அங்கே போகிறேன். வீட்டுக்கென்று சின்னப் பானை ஒன்று வாங்கினேன். ஒரு குவளை அரிசி, மதியத்துக்கும் இரவுக்கும் சரியாக இருக்கிறது. மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் திறக்கும் நேரம் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் வானொலியைப் போட்டுவிட்டு, வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுகிறேன்.