ஒன்றியத்துப் பொண்ணு

என் நாத்தனார் எழில்மொழிக்கு எங்கள் தெருவில் ஒன்றியத்துப் பொண்ணு என்று பெயர். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், வேலை நிரந்தரமில்லை. முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கையை. எங்கள் ஊரில் ஒன்றியம் என்றால் ஒன்றுதான், பிடிஓ ஆபீஸ் இருக்கிற ஊராட்சி ஒன்றியம். அதனால் குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

"ஏன் எழிலு, ஒன்றியத்தையே கரைச்சுக் குடிச்சவ நீ. இந்தச் சாக்கடைக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்பார் எதிர்வீட்டு அம்சம்.

அது வேறு ஒன்றியம் என்று அண்ணி ஒரு நாளும் சொன்னதில்லை. உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "உங்க படிப்பென்ன, நீங்க பாக்குற வேலையென்ன அண்ணி" என்று கத்துவேன். "ரெண்டு ஒன்றியத்துலயும் ஒரே கததான் மதி. கூடி உக்காருவாங்க, லேசுல எந்திரிக்க மாட்டாங்க" என்று சிரிப்பார்.

நான் பேராவூரணியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் என் வீட்டுக்காரர் பரிதி, ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்றார். உடனே மாமனார் தங்கையன் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, "சம்மதம்னா கை தூக்குங்க" என்றார். மாமியார் காளியம்மாள் தூக்கினார். அண்ணியும் பரிதியும் தூக்கினார்கள். மாமாவும் தூக்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது வீடா, சட்டசபையா?"

"உங் கையும் சேந்தாத்தாம்மா ஃப்ரிட்ஜு" என்றார் மாமா.

பிறந்த வீட்டில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான், அன்றைக்குப் பேச்சே வராமல் கையைத் தூக்கினேன்.

மாமா விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். கூலி கேட்டுப் போராடிய காலத்தில், எல்லாக் கையும் உயர்ந்தால்தான் சங்கத்தில் முடிவு. "ஒரு கை கீழ கெடந்தாப் போதும், மிராசுதார் அந்தக் கையப் புடிச்சே அத்தன பேரையும் இழுத்துருவாரு" என்பார். இன்னொன்றும் சொல்வார். "மனசுல இல்லாமக் கையத் தூக்கக் கூடாது. அதுவும் பொய்தான்."

இதைக் கேட்டு வளர்ந்தவர் அண்ணி. ஐரோப்பாவில் இருபத்தேழு நாடுகள் சேர்ந்து வெளியுறவில் பெரிய முடிவு எதுவும் எடுக்க இருபத்தேழும் ஒப்ப வேண்டும், ஒன்று மறுத்தாலும் நின்றுவிடும் என்று கல்லூரியில் படித்தபோது, தன் அப்பாவின் சட்டம் அங்கே எப்படிப் போனது என்று அசந்துபோனாராம். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று சிலர் எழுதினார்கள். எடுத்துவிட்டால் சின்ன நாடுகளை யார் மதிப்பார்கள் என்று சிலர் எழுதினார்கள். அண்ணி எழுதியது வேறு. ஒரு நாடு மறுப்பதை மட்டும் பார்க்காதீர்கள், மறுத்த நாடு மற்றவர்களுக்கு எப்படி வழிவிடுகிறது என்று பாருங்கள், அந்த ஒன்றியம் உடையாமல் இருப்பது அதனால்தான் என்றார்.

"மறுத்தவன் எப்படிம்மா வழி விடுவான்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது மாமா கேட்டார்.

அண்ணி ஒரு கதை சொன்னார். போரில் சிக்கிய பக்கத்து நாடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளப் பேச்சு தொடங்கலாமா என்று தலைவர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒப்பவே இல்லை. கடைசியில் அவர் அறையைவிட்டு வெளியே போனார். மீதி இருபத்தாறு பேரும் முடிவெடுத்துவிட்டார்கள்.

"காபி குடிக்கப் போனாருன்னு பேசிக்கிட்டாங்கப்பா."

மாமா சோற்றைப் பிசையாமல் யோசித்தார். "அவரும் பொய்க் கை தூக்கல. காரியமும் நிக்கல."

"நம்ம அப்பாவா இருந்தா உள்ளயேதான் உக்காந்திருக்கணும்" என்றார் பரிதி. "கடையில இவரு என்னத்தக் குடிப்பாரு?"

எல்லோரும் சிரித்தோம். மாமாவின் இளவயதில் மெயின்ரோட்டு டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். சங்கம் போராடி அதை ஒழித்தது. மறுநாள் தெருவே போய் டீ குடித்தது, மாமா மட்டும் போகவில்லை. "கிளாஸு ஒண்ணாகணும்னு கேட்டேன், ஆயிருச்சு. அவன் டீ எனக்கு எதுக்கு?" என்றாராம். கடை கைமாறி வைத்தியலிங்கம் வந்த பிறகும், அங்கேயோ வேறெந்தக் கடையிலோ அவர் டீ குடித்ததில்லை.

இந்த ஐப்பசியில் பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகம் அண்ணியை இரண்டு வருட ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மெயிலை அண்ணி எங்களுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார். வருடா வருடம் வேலை இருக்குமா போகுமா என்று பயந்தே தலை நரைத்தவர் அவர். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

மாமா கூடத்தில் உட்காரவைத்தார். நாலு கை உயர்ந்தது. அவர் கை மடியிலேயே கிடந்தது.

"எனக்கு மனசு வல்ல" என்றார்.

அண்ணி தன் கையை இறக்கிக்கொண்டார். "அப்ப வேண்டாம்பா. அடுத்த பேச்சப் பாப்போம்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த மாமாவிடம் போனேன். "என்ன மாமா, ஊருக்கெல்லாம் நியாயம் பேசுவீங்க, பெத்த பொண்ணு நல்லா இருக்குறது புடிக்கலியா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. வைக்கோலைக் கீழே வைத்தார்.

"போன வருசம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில என் நெஞ்சத் தொறந்து மூடுனாங்களே, மறந்துட்டியா? அவ திரும்பி வர்றப்ப நான் இருப்பனா மதி?" கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவ போகணும். போவாட்டி எனக்குத்தான் ஆறாது. ஆனா கை எந்திரிக்க மாட்டேங்குது. எம் பொண்ணு விசயத்துல என்னப் பொய்க் கை தூக்கச் சொல்றியா?"

போன வேகம் போன இடம் தெரியவில்லை. வைக்கோலை எடுத்து நானே மாட்டுக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. மாமா மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார். அண்ணி வரமாட்டேன் என்றார், நான்தான் இழுத்துவந்து உட்காரவைத்தேன். மாமா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் கடைக்குப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"என்னடி சொல்லிட்டுப் போறாரு இந்த மனுசன்?" என்றார் அத்தை. அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பரிதி தலையைக் குனிந்துகொண்டார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கு மெல்லப் புரிந்தது. அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். நாங்கள் தூக்கினோம். அண்ணியின் கையை நான் பிடித்துத் தூக்கினேன், பிறகு அது தானாக நின்றது.

நானும் அண்ணியும் மெயின்ரோட்டுக்குப் போனோம். கடை வாசல் பெஞ்சில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளாஸ். காலியாக இருந்தது.

"என்னப்பா, நெசமாவே குடிச்சீங்களா?" என்றார் அண்ணி.

"டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேனே. குடிக்காம இருந்தாப் பொய்யாயிராதா?" துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணியை அண்ணாந்து பார்த்தார். "எல்லாரும் தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டோம்பா."

"அப்ப நான் வீட்டுக்கு வரலாமா?" என்றார்.