கடுகடுவின் கட்டைவிரல்

முப்பது வருஷமாகக் குழாய் ஒட்டும் அந்த வெல்டருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்ற இடத்தில் எல்லாம் அவர் கடுகடு. அவரைச் சிரிக்க வைப்பவனுக்கு டீ என்று பட்டறையில் ஒரு பந்தயமே உண்டு. இன்றுவரை ஒருத்தனும் அந்த டீயைக் குடித்ததில்லை.

அந்த முகத்தைப் பார்த்தால் பேரத்தில் புலி என்று தோன்றும். புலியாவது ஒன்றாவது. ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டின் அறைக்குள் போனால் ஐந்தே நிமிஷம்தான். அவன் மின்விசிறியை இவர் பக்கம் திருப்பி வைப்பான். முழங்கால் வலி தேவலையா என்று கேட்பான். மனுஷன் மெழுகாக உருகிவிடுவார். போன வருஷம் அப்படித்தான், 'இந்த ஒரு தடவை மட்டும்ணே' என்ற ஒரே பேச்சில் இருநூற்று அறுபதாக இருந்த மணிக்கூலியை இருநூற்று நாற்பதாக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அந்த ஒரு தடவை ஏஜெண்டின் பைலில் குந்திக்கொண்டது. இன்னொரு தடவை அதற்கே தலையாட்டினால் அதுதான் அவர் விலை. கை ஓய்கிற வரைக்கும் அதுதான்.

வியாழக்கிழமை மதியம் ஏஜெண்டிடமிருந்து மெசேஜ் வந்தது. ஓர் ஆலையில் கொதிகலனை நிறுத்திப் பழுது பார்க்கிறார்களாம், நாற்பது நாள் வேலை, பழைய ரேட் 240. ஐந்து மணிக்குள் அவர் சம்மதத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் ஏறாது. தான் மீட்டிங்கில் இருப்பதால் கூப்பிட வேண்டாம் என்றும் போட்டிருந்தான்.

ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்த மனைவி, இருநூற்று எண்பது கேளுங்கள் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன் என்று இழுத்தார். மெஷின் நின்றது.

"அப்போ நீங்களே எழுதிக்குங்க. உங்க விலையை என் கையால கொறைச்சு எழுத மாட்டேன்."

அங்கேதான் வந்தது வினை. அதுவரை அவருடைய மெசேஜ் எல்லாம் அவள்தான் எழுதுவாள். முப்பது வருஷச் சூட்டில் அவர் கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி வழவழத்துப் போயிருந்தது. ஆலை வாசலில் ரேகை பார்க்கும் மெஷினுக்கே அவரைத் தெரியாது. காவலாளி நோட்டில்தான் எழுதிக்கொள்வார். போன் கண்ணாடியும் அப்படித்தான், அவர் தொட்டால் ஈ உட்கார்ந்த மாதிரி சும்மா இருக்கும்.

சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தார். ஒன்றை அழுத்தினால் பக்கத்து எழுத்து வந்தது. அதை அழித்தால் இருந்ததும் சேர்ந்து போனது. பத்து நிமிஷம் மல்லுக்கட்டியிருப்பார், போன் சிணுங்கியது.

'என்னண்ணே இவ்ளோ நேரமா டைப் பண்றீங்க? கோவமா? சரி, 255.'

அவர் போனைத் தூக்கிக்கொண்டு மனைவியிடம் போனார். "நான் ஒண்ணுமே கேக்கலியே."

அவள் வாங்கிப் படித்தாள். வாயிலிருந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க எழுதிக்கிட்டு இருக்கறது அவன் போன்ல தெரியும். பக்கம் பக்கமா திட்டுறீங்கன்னு நெனச்சிருப்பான்."

"இப்ப என்ன செய்ய?"

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

கடுகடுவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நியாயமாக அந்த டீ அவளுக்குத்தான் சேர வேண்டும். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை என்று சொல்ல முடியாது, விரலுக்கு வந்ததை எல்லாம் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். 265 வந்தது. கொஞ்ச நேரத்தில், முதலாளியோடு சண்டை போட்டு வாங்கினேன் என்று 275 வந்தது. மீட்டிங்கில் உட்கார்ந்தபடி நாலு நிமிஷத்தில் எந்த முதலாளியோடு சண்டை போட்டான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

அதற்குப் பிறகு போனில் பேச்சு மூச்சில்லை. நாலரை ஆயிற்று. நாலே முக்கால். பேராசையில் எல்லாவற்றையும் கோட்டை விட்டோம், வேறு ஆளைப் போட்டிருப்பான், நாற்பது நாள் கூலியும் போச்சு என்று நினைத்தார். போதும், 275-க்கே எழுதிக் கொடு என்று மனைவியைக் கூப்பிடப் போனால், அளவு கொடுக்க வந்த பெண்ணின் தோளில் அவள் டேப்பை வைத்து நின்றாள்.

வேறு வழியில்லாமல் அவரே உட்கார்ந்தார். இந்தத் தடவை வேஷம் இல்லை, சத்தியமாகச் சம்மதம். ஆனால் வியர்த்த விரல் முன்னைவிட மோசம். ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது 'சம்ம' வரைக்கும் வந்திருந்தார். போன் அலறியது.

'போதும்ணே, அழுதுடுவேன். 285. பத்து என் கமிஷன்லேர்ந்து. எழுதின வரைக்கும் அனுப்புங்க.'

எழுதின வரைக்கும் அனுப்பினார். அவர் பெயர் பட்டியலில் ஏறியது.

நாற்பது நாள் வேலை முடிந்து வந்ததும், எந்த விரலுக்கும் மசிகிற புதுப் போன் ஒன்றை மனைவி வாங்கிக் கொடுத்தாள். எல்லாரோடும் அதில்தான் பேசுகிறார். பழையது அலமாரியில், சார்ஜ் குறையாமல், ஏஜெண்டுக்கென்று தனியாக இருக்கிறது.

அடுத்த வேலைக்கு ஏஜெண்ட் நேரில் வரச் சொன்னான். போய் உட்கார்ந்தார். மின்விசிறி இவர் பக்கம் திரும்பியது.

"முழங்கால் எப்படிண்ணே இருக்கு?"

கடுகடு எழுந்து செருப்பை மாட்டினார்.

"அதெல்லாம் மெசேஜ்ல பேசிக்கலாம், தம்பி."