கம்ப்ரசர் காட்டிக்கொடுத்தது

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போய் மூன்று மாதம். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அன்று, "எனக்கென்ன சாமி, நல்லா இருக்கறேன்" என்ற இடம் மட்டும் விறுவிறுவென்று ஓடியது. பின்னால் உறுமிக்கொண்டிருந்த கம்ப்ரசரும் அங்கே மட்டும் கீச்சென்றது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரருக்கு வாக்கப்பட்டவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அந்த இடத்தை மட்டும் வேகமாக்கி எதையோ மறைக்கிறார். பக்கத்தில் எவளோ இருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

போனில் ஒரு ஆப்பை இறக்கி, அந்தத் துண்டை மட்டும் பிரித்து, கம்ப்ரசர் பழையபடி உறுமும் வரை வேகத்தைக் குறைத்தேன். எந்தப் பெண் குரலும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

உடனே கூப்பிட்டேன். "ஏனுங்க, என்னத்த மறைக்கறீங்க?"

"பைப் உருண்டு வந்து விலாவுல அடிச்சிருச்சு. நீ பயந்துக்குவீன்னுதான் அந்த எடத்த வேகமாக்கி அனுப்புனேன்."

அழுதேன். ஆனால் அவரிடம் இன்றுவரை சொல்லாதது ஒன்று உண்டு. அந்த முனகலைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, நிம்மதி.