பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்ட பாட்டு

சூலூரை ஒட்டிய ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டும் கிருபாவுக்கு ஹெவி மெட்டல் இசை ஆல்பம் ஒன்றின் மேல் பைத்தியம் பிடித்தது என்று சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். கழுத்தில் சிலுவை, காலில் ரப்பர் செருப்பு, பத்தாவதோடு நின்ற படிப்பு. இப்படிப்பட்டவளுக்கு இன்ன பாட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று எவன் எழுதி வைத்தான்?

அது வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் கேட்டு மனசு நிறைந்து வந்தவள், மீன் கழுவிக்கொண்டே, ஆர்கன் பாட்டு போடு என்று போனிடம் வாயாலேயே சொன்னாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாக ஓடியது. அப்படித்தான் பழைய கல் சர்ச் படம் போட்ட அந்த ஆல்பம் வந்தது. ஆர்கன், பின்னால் கூட்டமாகப் பாடும் குரல்கள். ஏதோ வெளிநாட்டுக் கீர்த்தனை என்று நம்பி சத்தத்தை வேறு கூட்டி வைத்தாள். திடீரென்று டிரம்ஸ் இடித்தது, ஒரு ஆண் அடித்தொண்டையிலிருந்து உறுமினான். புருஷன் கௌதமன் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பேயைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விட்டிருக்கிறாளே என்று கத்தினான்.

நிறுத்தப் போன கை அப்படியே நின்றது. அந்த உறுமலுக்கு மேலே ஒரு பெண் பாட ஆரம்பித்திருந்தாள். மெல்லிய, உயரமான குரல். அடியில் அவ்வளவு ரகளை நடக்கிறது, அவள் பாட்டுக்கு நிதானமாகப் பாடிக்கொண்டு போகிறாள். கிருபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே படிக்க ஆசைப்பட்டவளை, தம்பியைப் படிக்க வைக்க வேண்டுமென்று தறிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அவள் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. இந்தப் பாட்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் யாரோ தனக்காகச் செய்வதுபோல் இருந்தது.

கடலில் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை என்று போன் மொழிபெயர்த்துச் சொன்னது. பாட்டுக்குப் பாட்டு கதை நீளும். தாளம் நடுவிலேயே மாறும், காலெடுத்து வைத்த இடத்தில் படி இல்லாததுபோல் இருக்கும், அப்புறம் பிடிபட்டுவிடும். நாள் முழுக்கத் தறியின் ஒரே தாளத்தைக் கேட்டுச் சலித்தவளுக்கு அதுதான் சொர்க்கம். கொஞ்ச நேரம் கேளுங்களேன் என்று கௌதமனைக் கெஞ்சுவாள். அவன் செய்திச் சேனலை வைத்துக்கொள்வான்.

சரி, வீட்டோடு விட்டிருக்கலாம். குடோனுக்கும் கொண்டுபோனாள். அங்கே எல்லோரும் கழிவுப் பஞ்சைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டுதான் தறியோட்டுவார்கள். கிருபா அந்தப் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு இயர்போனைச் செருகினாள். தறிச் சத்தத்தில் மற்ற பாட்டெல்லாம் செத்துப்போகும், இது ஒன்றுதான் எதிர்த்து நின்றது. ஆனால் அந்தப் பெண்ணின் குரல் எடுபட வேண்டுமென்றால் சத்தத்தைக் கடைசிவரை கூட்ட வேண்டும். போன் ஏதோ இங்கிலீஷில் எச்சரிக்கும். ஓகே என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள். கெட்டிக்காரிதான், இதில் மட்டும் புத்தி போன இடம் தெரியவில்லை.

பக்கத்துத் தறிக்காரி மெர்சி அப்போதே கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய்ச் சொன்னாள். "பஞ்ச வெய்யுங்கக்கா. காது போயிப்போட்டா ஆரு தருவாங்க?"

"பஞ்சு வெச்சா அவ பாடறது கேக்காதே மெர்சி" என்று சிரித்தாள் கிருபா.

வருஷங்கள் ஓடின. அந்தக் குரல் நூல் நைவதுபோல் மெலிந்துகொண்டே வந்தது. இயர்போன் பழசாகிவிட்டதென்று புதிது வாங்கினாள். பிறகு போனைத் திட்டினாள். பாட்டுக் கம்பெனிக்காரன் எதையோ மாற்றிவிட்டான் என்றுகூட மெர்சியிடம் சண்டை பிடித்தாள். காதைத் தவிர எல்லாவற்றின் மேலும் பழி போட்டாள் பாவி.

தறிகள் வேலைநிறுத்தத்தில் நின்ற ஒரு மத்தியானம். வீடு அமைதியாக இருந்தது. அந்தப் பெண் தனியாக, எந்த வாத்தியமும் இல்லாமல் பாடும் இடத்தை ஆசையாகப் போட்டாள். ஒன்றும் வரவில்லை. பாட்டு நின்றுவிட்டதா என்று கௌதமனைக் கேட்டாள். ஓடுகிறதே என்றான் அவன்.

சிங்காநல்லூரில் பரிசோதித்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மேல்ஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது. காதில் மிஷின் வைத்தால் பேச்சு தெளியும், பாட்டு பழையபடி கேட்காது. பஸ்ஸில் திரும்பும்போது கிருபாவுக்கு அவள்மேலேயே ஆத்திரம். கேட்க ஆசைப்பட்ட குரலைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கௌதமன் தானாகவே போனை எடுத்தான். முதல் பாட்டிலிருந்து போட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டான். கிருபாவுக்கு டிரம்ஸ் கேட்டது, உறுமல் கேட்டது. பிறகு அந்தத் தனி இடம் வந்தது. கௌதமனின் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் பாடுது அம்மணி. இத்தன நாளும் நீ கூப்புட்டும் கேக்காம உட்டுப்போட்டனே" என்றான்.

"இன்னும் பாடறாளாங்க?"

தலையாட்டினான்.

"எப்புடிப் பாடறான்னு சொல்லுங்க."

கௌதமன் வாயைத் திறந்தான். அவனுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.